மலை எவ்வளவு தாங்கும்? மலையூரைத் தாங்குபவர்கள் எங்கே?

கோடை வந்தால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டிகள் வரிசை கட்டுகின்றன. நெரிசலைக் குறைக்க, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் உச்சவரம்பும் வந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இந்த மலைகள் எவ்வளவு தாங்கும் என ஆராயும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.யிடமும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மிடமும் தரப்பட்டது.

வண்டிகளை எண்ணுவது நல்லதுதான். அந்த வண்டிகளில் வந்தவர்கள் விட்டுச்செல்லும் குப்பையை அள்ளுகிறவர்களையும் எண்ண வேண்டாமா?

2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 100 பேரில் 20 பேர் பட்டியல் சாதியினர். நீலகிரியில் 32 பேர். தேயிலை பறிப்பவர்களிலும், காய்கறித் தோட்டக் கூலிகளிலும், விடுதிகளில் பாத்திரம் தேய்ப்பவர்களிலும், நகராட்சித் தூய்மைப் பணியாளர்களிலும் நம் மக்கள் ஏராளம். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பி, இங்கே தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்களும் இதில் அடங்கும்.

2009 நவம்பரில் பெய்த மழையில் நீலகிரியில் நிலம் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையூரில் சமதளமான, உறுதியான இடத்துக்கு விலை அதிகம். அங்கே விடுதி எழுகிறது. கூலி வாங்குபவருக்கு மிஞ்சுவது ஓடையோரமும் சரிவும். பிறகு ‘ஆபத்தான இடம்’ என்று நோட்டீஸ் வருகிறது. வேலை நகரத்தில் இருக்க, மாற்று வீடு தொலைவில் தரப்பட்டால் பேருந்துச் செலவிலேயே கூலி கரைந்துவிடும்.

கழிவுநீரைப் பாருங்கள். செங்குத்துச் சரிவில் கட்டிய விடுதிக்குக் கழிவுநீர் உறிஞ்சும் லாரி போக வழியில்லை என்றால், தொட்டி நிரம்பியதும் யாரைக் கூப்பிடுவார்கள்? தொட்டியில் மனிதரை இறக்குவதை 2013 சட்டம் தடை செய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் உயிர் போன பிறகு வரும் பணம் அது. லாரி போக முடியாத இடத்தில் விடுதிக்கு அனுமதி இல்லை என்று கட்டட விதியில் எழுதினால், அந்த உயிர் முன்கூட்டியே காப்பாற்றப்படும். நகரத் திட்டம் என்பது இதுதான்.

எனவே நாம் கேட்பவை மூன்று. விடுதி அறைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப நிரந்தரத் தூய்மைப் பணியிடங்கள் வேண்டும். வேலைக்கு நடந்து போகும் தூரத்தில், மண் சரியாத நிலத்தில் பட்டாவுடன் வீடு வேண்டும். இயந்திரம் எட்டும் இடத்தில் மட்டுமே கழிவுத் தொட்டி இருக்க வேண்டும்.

முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியாகும்போது ஆட்சேபணையும் ஆலோசனையும் தர எல்லோருக்கும் உரிமை உண்டு. படித்த பிள்ளைகள் அதை வாங்கி, நம் குடியிருப்பு வரைபடத்தில் எந்த நிறத்தில் இருக்கிறது, இருக்கிறதா இல்லையா என்று பாருங்கள். பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். மனு எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். வரைபடத்தில் இல்லாத தெருவுக்குக் குழாயும் வராது, சாலையும் வராது.