இதயம் தப்பிய பிறகு வரும் ஆபத்து

திருகோணமலை மாவட்டத்தில் மாரடைப்பு வந்தவரை உறவினர்கள் பெரும்பாலும் கொண்டு ஓடுவது நகரிலுள்ள மாவட்டப் பொது வைத்தியசாலைக்குத்தான். திறந்த இதய சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் பயணம் கண்டிக்கோ கொழும்புக்கோ நீளும். கொழும்பு என்றால் 250 கிலோமீற்றருக்கும் அதிகம். சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று கேட்டதும் வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் அடுத்த சில நாட்களில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அது வைத்தியசாலையிலேயே தொற்றும் கிருமி.

இது அரிதான விடயமல்ல. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெறும் 100 பேரில் வசதியான நாடுகளில் 7 பேருக்கும், ஏனைய நாடுகளில் 15 பேருக்கும் இவ்வாறான தொற்று ஏற்படுகிறது. தொற்றுக்கு உள்ளானவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இறக்கிறார்.

இதய நோயாளருக்கான அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் அபாயம் இன்னும் அதிகம். கழுத்து நரம்பில் மருந்து ஏற்றும் குழாய், மணிக்கட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் குழாய், சிறுநீர்க் குழாய், தொண்டையில் செயற்கைச் சுவாசக் குழாய், நெஞ்சில் சத்திரசிகிச்சைக் காயம். உயிர் காக்கும் ஒவ்வொரு குழாயும் கிருமி உள்ளே போகும் வழியாகவும் மாறலாம். நீரிழிவு உள்ளவருக்கு நெஞ்சுக் காயம் ஆறுவதும் சிரமம்.

இந்த வழிகளை இருபத்துநான்கு மணி நேரமும் காவல் காப்பவர்கள் தாதியர்கள். நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் கைகளைச் சுத்தம் செய்வது முதல் வேலை. கையுறை அதற்கு மாற்றாகாது. மருந்து ஏற்றுமுன் குழாயின் முனையை அற்ககோலால் தேய்த்து உலரவிட வேண்டும். செயற்கைச் சுவாசத்தில் இருப்பவரின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி வைத்து, வாயையும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். சிறுநீர்ப் பை தரையில் படாமல், சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும். குருதியில் சீனியின் அளவைக் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இந்தக் குழாய் இன்றைக்கும் தேவையா?’ என்று ஒவ்வொரு நாளும் கேட்க வேண்டும்.

இவற்றால் உண்மையில் பலன் உண்டா? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 103 அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. கை கழுவுதல், தோலைக் குளோர்ஹெக்சிடினால் துடைத்தல், தேவையற்ற குழாயை அகற்றுதல் உள்ளிட்ட ஐந்தே நடைமுறைகள். 1,000 குழாய் நாட்களுக்கு 2.7 ஆக இருந்த இரத்தத் தொற்றின் இடைநிலை அளவு, மூன்று மாதங்களில் பூச்சியமானது. அங்கே இன்னொரு விதியும் இருந்தது. அவசர நிலை இல்லாதபோது வைத்தியர் ஒரு படியைத் தவறவிட்டால், குழாய் போடுவதை இடையிலேயே நிறுத்த முடிந்தது. வைத்தியரிடம் தாதி ஒருவர் ‘பொறுங்கள்’ என்று சொல்லத் தயங்கும் எங்கள் விடுதிகளுக்கு இது முக்கியமான பாடம்.

ஆனால் அறிவுரை மட்டும் போதாது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துக்கும் மருத்துவப் பொருட்களுக்கும் நாடு பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல. தாதியர் பலர் வெளிநாடு சென்றனர். ஒருவரே இரண்டு மூன்று கட்டில்களைப் பார்க்க நேர்ந்தால், அவசரத்தில் முதலில் விடுபடுவது கை கழுவும் அந்தச் சில விநாடிகள்தான். எனவே தாதியரின் எண்ணிக்கையும் தொற்றுத் தடுப்பின் ஒரு பகுதியே.

பார்க்கப் போகும் நாங்களும் கைகளைக் கழுவிவிட்டே உள்ளே போகலாம். தடிமன், காய்ச்சல் இருந்தால் போகாமல் விடலாம். நோயாளியின் கட்டிலில் உட்காராமல் இருக்கலாம். ஒரு குழாய் பல நாட்களாக இருந்தால், அது இன்னும் தேவையா என்று மரியாதையுடன் கேட்கலாம். அந்தக் கேள்வியில் குறை எதுவும் இல்லை.