படம் இல்லாத எச்சரிக்கைகள்

2025 செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் டிபிஓ என்ற வேதிப்பொருள் கலந்த ஜெல் நகப்பூச்சை விற்கவும் கூடாது, அழகு நிலையங்களில் பூசவும் கூடாது. புற ஊதா விளக்கின் கீழ் பூச்சைச் சட்டென்று இறுகவைப்பது இந்த டிபிஓதான். அமெரிக்காவில் இதற்கு அப்படியொரு தடை இல்லை.

தடையை விதித்தது அழகுசாதனச் சட்டம் என்றாலும், வழி திறந்தது 'சிஎல்பி' எனப்படும் வேதிப்பொருள் வகைப்படுத்தல், லேபிள் விதிகள். இனப்பெருக்கத்துக்குக் கேடு செய்யும் பொருள் என்று டிபிஓவை அந்த விதிகள் பட்டியலிட்டன. அந்தப் பட்டியலில் ஏறிய பொருள் விதிவிலக்கு வாங்காவிட்டால், அழகுசாதனங்களிலிருந்து வெளியேற வேண்டியதுதான்.

2009-இல் நடைமுறைக்கு வந்த சிஎல்பி, ஐ.நா. வகுத்த முறையைத் தழுவியது. பாட்டில்களில் இருந்த ஆரஞ்சு நிறச் சதுரங்கள் போய், சிவப்பு விளிம்பிட்ட சாய்சதுரங்கள் வந்தது அதனால்தான். ஒரு பொருளுக்கு இயல்பிலேயே கேடு செய்யும் குணம் உண்டா என்பதை மட்டுமே அது பார்க்கும். எவ்வளவு பயன்படுத்துகிறோம், உடலுக்குள் எவ்வளவு போகிறது என்பதெல்லாம் வேறு சட்டங்களின் வேலை. தொழில் துறையின் பழைய மனக்குறையும் இதுவே.

அந்தக் குறை நீதிமன்றம் வரை போனதும் உண்டு. பெயின்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்ஸைடின் நுண்தூளைச் சுவாசித்தால் புற்றுநோய் வரலாம் என்று ஐரோப்பிய ஆணையம் 2020-இல் வகைப்படுத்தியது. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2022 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்த வகைப்பாட்டை ரத்து செய்தது. 2025 ஆகஸ்டில் ஐரோப்பிய நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. ஆணையம் நம்பிய முக்கிய ஆய்வை மதிப்பிட்டதில் கவனிக்க வேண்டியவை எல்லாம் கவனிக்கப்படவில்லை என்பது ஒரு காரணம்.

இதற்கிடையே, 2023-இல் சிஎல்பி பார்க்கும் கேடுகளின் பட்டியலே நீண்டது. ஹார்மோன்களைக் குலைப்பவை, மக்காமல் உயிர்களின் உடலில் சேர்பவை, மக்காமல் நீரோடு நெடுந்தூரம் போய் நிலத்தடி நீரில் கலப்பவை எனப் புதிய வகைகள் சேர்ந்தன. கடைசி வகைதான் குடிநீர் வழங்குவோரின் பெரிய தலைவலி. வழக்கமான சுத்திகரிப்புக்கு இவை எளிதில் சிக்குவதில்லை. புதிதாகச் சந்தைக்கு வரும் தனிப் பொருள்களுக்கு 2025 மே 1 முதல் இந்த வகைகள் பொருந்தும். கலவைகளுக்கு 2026 மே 1 முதல். ஏற்கெனவே சந்தையில் உள்ள கலவைகளுக்கு 2028 மே வரை அவகாசம்.

ஆனால் இந்தக் கேடுகளுக்குப் படக்குறி கிடையாது. தீக்கு ஒரு படம், நஞ்சுக்கு மண்டையோடு என்றெல்லாம் வைத்த ஐ.நா. முறையில் இவை இன்னும் இடம்பெறவில்லை. ஐரோப்பா தானாகச் சேர்த்துக்கொண்டவை. ஆகவே எச்சரிக்கைச் சொல்லையும் ஒரு வாக்கியத்தையும் மட்டுமே அச்சிடுவார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும், அந்நாட்டு மொழி அறியாத துப்புரவுத் தொழிலாளிக்கும் மண்டையோடு புரியும். 'நீர்வளங்களை நெடுங்காலத்துக்குப் பரவலாக மாசுபடுத்தக்கூடும்' என்ற வரி புரியுமா?

அப்படியானால் அந்த வரி கண்ணுக்காவது தெரிய வேண்டும். 2024 டிசம்பரில் அமலுக்கு வந்த சிஎல்பி திருத்தம் அதைத்தான் செய்ய முனைந்தது. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, போதிய வரி இடைவெளி. அரை லிட்டர் வரையிலான பாட்டிலில்கூட எழுத்தின் உயரம் குறைந்தது 1.2 மில்லிமீட்டர். ஒரே லேபிளில் பல மொழிகளை அடைக்கும் நிறுவனங்களுக்கு இது பெரும் செலவு என்பதை மறுக்க முடியாது. இணையத்தில் விற்பவர்களும் எச்சரிக்கையைக் காட்டியாக வேண்டும் என்பது அதே திருத்தத்தின் இன்னொரு நல்ல அம்சம்.

செலவைக் காட்டி நிறுவனங்கள் கொடுத்த நெருக்குதலுக்குப் பலன் கிடைத்தது. 2025 ஜூலையில் ஆணையமே ஒரு தளர்வுத் திட்டத்தை முன்வைத்தது. 2026 ஜூலையில் தொடங்கவிருந்த எழுத்தளவு விதி 2028 ஜனவரி 1-க்குத் தள்ளிப்போனது. அதற்குள் மில்லிமீட்டர் கணக்கையே நீக்கி, 'தெளிவாகப் படிக்கும்படி இருந்தால் போதும்' என்று மாற்றிவிடலாம் என்பதும் அத்திட்டத்தில் உண்டு. எது தெளிவு என்பதை முதலில் தீர்மானிக்கப்போவது பாட்டிலை விற்கும் நிறுவனம்தான்.