பெரிய டிஸ்க் நல்லதுதான், அகலக்கால் வேண்டாம்



மளிகை வியாபாரிகள் படிக்கும் இதழில் சைக்கிள் பிரேக்கைப் பற்றி என்ன பேச்சு என்று உறுப்பினர்கள் சிலர் நினைக்கக்கூடும். பருப்பு வரத்து, புளி விலை, வரிக் கணக்கு என்று எழுதிவந்த நாங்கள் இம்முறை பிரேக்கைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டுக்கே சரக்கு கொண்டுபோய்க் கொடுத்தால்தான் வாடிக்கை நிற்கும் என்ற நிலை வந்துவிட்டது. பெட்ரோல் செலவை எண்ணி, கிட்டத்து வீடுகளுக்குக் கியர் சைக்கிளில் ஆள் அனுப்பும் கடைகள் பல. அந்தச் சைக்கிள்களில் இப்போது டிஸ்க் பிரேக் சாதாரணமாகிவிட்டது. வாங்கிய நாளில் பிரேக் பிடித்துப் பார்க்கிறோம். அதன் பிறகு அதை மறந்துவிடுகிறோம். நாங்களும் மறந்தவர்கள்தாம்.

எங்களுக்குக் குன்னூரில் மொத்த வியாபாரம். மலையில் சமதரை என்பது அபூர்வம் என்பது தெரிந்ததே. கடையிலிருந்து கீழே உள்ள குடியிருப்புகளுக்கும் சிறு கடைகளுக்கும் சில்லறை உருப்படிகளை அனுப்ப, பழைய மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கிப் பின்னால் கேரியர் போட்டிருந்தோம். ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு வரலாம், இறக்கத்தில் ஏறி வரலாம் என்பது கணக்கு.

ஓர் ஐப்பசி மாதத்து மழை நாள். 22 வயதுள்ள எங்கள் கடைப் பணியாளர், சுமார் 30 கிலோ சரக்குடன் இறக்கத்தில் போனார். பயத்தில் இரண்டு பிரேக்கையும் விடாமல் பிடித்தபடியே இறங்கியிருக்கிறார். பாதி வழியில் கருகல் வாடை வந்திருக்கிறது. அடுத்த வளைவில் கைப்பிடியை முழுவதும் அழுத்தியும் வேகம் குறையவில்லை. எதிரே வண்டி வருவதைக் கண்டு, சாலையோரத் தேயிலைச் செடிகளுக்குள் சைக்கிளை விட்டுவிட்டார். மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, “சர்க்கரை பூரா நனைஞ்சிருச்சு, முதலாளி” என்பதுதான். அன்று இரவு எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நனைந்த சர்க்கரைக்கு நஷ்டக் கணக்கு எழுதிவிடலாம். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் எந்தப் பேரேட்டில் எழுதுவது?

பிரேக் ஏன் கைவிட்டது?

100 கிலோ எடை 100 மீட்டர் உயரம் கீழே இறங்கும்போது, அந்த இறக்கத்தின் சக்தி முழுவதையும் பிரேக்கே தாங்குவதாக வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 98,000 ஜூல் வெப்பம் உண்டாகிறது. வீட்டுக் கணக்கில் சொன்னால், இரண்டு டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு. அந்தச் சூட்டை ஏற்றுக்கொள்வது உள்ளங்கையை விடச் சற்றே பெரிய மெல்லிய எஃகுத் தட்டு. அதைத்தான் டிஸ்க் என்றும் ரோட்டர் என்றும் சொல்கிறோம். காற்றுப் பட்டு ஆற இடைவெளி கொடுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தால் தட்டும், அதை இருபுறமும் கவ்வும் பேடும் அளவுக்கு மீறிச் சூடேறுகின்றன. பேடின் மேற்பரப்பு கருகி வழவழப்பாகிறது. பிறகு எவ்வளவு அழுத்தினாலும் பிடி இருக்காது.

டிஸ்க் பிரேக் புதிய சரக்கு அல்ல. இங்கிலாந்தில் பிரெடரிக் லான்செஸ்டர் 1902-லேயே மோட்டார் காருக்கு இதைக் காப்புரிமை செய்தார். 1953-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்ற பிறகு உலகம் அதன் அருமையை உணர்ந்தது. 1969-இல் வெளிவந்த ஹோண்டா சி.பி. 750 மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தில் அது இருந்தது. மலைச் சைக்கிளுக்கு வந்து சேர்ந்தது அதற்கும் பிறகுதான்.

பெரிய தட்டினால் என்ன லாபம்?

திருகையைச் சுற்றும் கையை நினைத்துப் பாருங்கள். பிடி நடுமுளைக்கு அருகில் இருந்தால் கை வலிக்கும். ஓரத்தில் இருந்தால் லேசாகச் சுற்றும். நிறுத்துவதற்கும் அதே கணக்குத்தான். தட்டு பெரிதானால் பேடு கவ்வும் இடம் சக்கரத்தின் மையத்திலிருந்து தள்ளிப் போகிறது. அதே கைவிசைக்கு அதிகப் பிடி கிடைக்கிறது.

கடைகளில் கிடைக்கும் தட்டுகளின் குறுக்களவு 140, 160, 180, 200, 203, 220 மில்லிமீட்டர். 160-இலிருந்து 180-க்கு மாறினால் பிடிக்கும் விசை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கூடும். பழைய கணக்கில் சொன்னால் அரைக்கால் பங்கு. 203-க்கு மாறினால் கால் பங்குக்குச் சற்று அதிகமாகவே கூடும். அதோடு உலோகம் அதிகம் என்பதால் சூடு ஏறுவதும் தாமதம். பரப்பு அதிகம் என்பதால் ஆறுவதும் விரைவு. சுமையோடு இறக்கத்தில் போகிறவர்களுக்கு இந்த இரண்டாவது லாபமே பெரிது.

விற்க மறுத்த வியாபாரி

இதையெல்லாம் கேட்டறிந்தவுடன் எங்கள் மகன், “இருப்பதிலேயே பெரியதாகப் போட்டுவிடுவோம், அப்பா” என்றார். எங்களுக்கும் அதுவே சரியென்று பட்டது. சைக்கிளை வண்டியில் ஏற்றிக் கோயம்புத்தூரில் ஒரு கடைக்குக் கொண்டுபோய் 203 தட்டு கேட்டோம். கடைக்காரர் முன் ஃபோர்க்கைக் குனிந்து பார்த்தார். அதன் தயாரிப்பாளர் கொடுத்த அளவுப் பட்டியலைத் தேடி எடுத்தார். “அண்ணாச்சி, இந்த ஃபோர்க்குக்கு நூத்தி எண்பதுக்கு மேல வேண்டாங்க. நான் தர மாட்டேன்” என்றார். கேட்ட சரக்கு அவர் கடையில் கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருந்தது. விலையும் அதற்குத்தான் அதிகம்.

அவர் விளக்கியது இது. பிரேக் பிடிக்கும் விசையெல்லாம் ஃபோர்க்கின் இடது காலில் காலிப்பர் பூட்டியிருக்கும் இடத்தில் போய் விழுகிறது. தட்டு பெரிதாகிப் பிடி கூடும்போது அந்தக் கால் தாங்கவேண்டிய சுமையும் கூடுகிறது. 180 வரை தாங்கும் என்று செய்த ஃபோர்க்கில் 203-ஐப் போட்டால் அது வளையலாம், விரிசல் விடலாம். பின்பக்கம் ஃபிரேமுக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. அங்கே பெரிய தட்டு கம்பியில் உரசவும் கூடும். 10 கிலோ தராசில் ஒரு சிப்பத்தை ஏற்ற மாட்டோம் அல்லவா? அதே நியாயந்தான். அகலக்கால் வைக்காதே என்று வியாபாரத்தில் நமக்குப் பெரியவர்கள் சொன்னது இங்கேயும் பொருந்துகிறது.

முன்னால் மட்டும் 180, பின்னால் பழைய 160 என்று முடிவாயிற்று. வேகத்தைக் குறைக்கும்போது எடை முன்னே சாய்வதால் முன் பிரேக்குக்கே வேலை அதிகம். ஆகவே செலவு செய்வதை முதலில் முன்னால் செய்வது முறை. தட்டு, அடாப்டர், இரண்டு சக்கரத்துக்கும் புதுப் பேடு, புதுக் கம்பி எல்லாம் சேர்ந்து 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றின் விலையை ஒட்டியே முடிந்தது.

வாங்கும்போது பார்க்கவேண்டியவை

1. இப்போதுள்ள அளவு. பெரும்பாலும் தட்டிலேயே பொறித்திருக்கும். இல்லையென்றால் விளிம்புக்கு விளிம்பு அளக்கவும். 200-ம் 203-ம் ஒன்றல்ல. ஒன்றுக்கான அடாப்டரில் மற்றொன்றை அப்படியே போடக்கூடாது.

2. ஃபோர்க்கு, ஃபிரேம் இரண்டின் உச்ச அளவு. தயாரிப்பாளர் சொன்னதே முடிவு. எல்லை தெரியாவிட்டால் பழைய அளவே நல்லது.

3. சக்கரத்தின் நடுக்குடத்தில் தட்டு பூட்டும் முறை. ஆறு போல்ட் முறை ஒன்று. ஷிமானோ கொண்டுவந்த சென்டர் லாக் முறை மற்றொன்று.

4. காலிப்பர் பூட்டும் முறை. போல்ட் பக்கவாட்டில், அச்சுக்கு இணையாகப் போனால் ஐ.எஸ். முறை, துளைகளின் இடைவெளி 51 மில்லிமீட்டர். சைக்கிள் போகும் திசையை ஒட்டிப் போனால் போஸ்ட் மவுண்ட்; இடைவெளி 74 மில்லிமீட்டர். முன்னுக்கா பின்னுக்கா, எந்த முறை, எந்த அளவுத் தட்டு என்ற மூன்றையும் சொல்லி அடாப்டர் கேட்கவேண்டும். குறுக்களவு 20 கூடினால் காலிப்பர் 10 மில்லிமீட்டர் வெளியே தள்ளிப்போக வேண்டும். அந்த வேலையைச் செய்வது அடாப்டர்தான்.

5. பேடின் வகை. சில தட்டுகளில் ரெசின் பேடு மட்டுமே போடவேண்டும் என்று பொறித்திருக்கும். அவற்றில் உலோகப் பேடு போட்டால் தட்டு விரைவில் தேய்ந்துவிடும்.

பூட்டும்போது

தட்டின் பேடு படும் பரப்பை விரலால் தொடக்கூடாது. எண்ணெய்க் கை பட்டாலே பிடி கெடும். நம் கடைகளில் எண்ணெய் இல்லாத கை ஏது? ஆகவே வேலை முடிந்ததும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்துவிட வேண்டும்.

தட்டில் அம்புக்குறி இருந்தால் அது சக்கரம் முன்னே சுழலும் திசையைக் காட்ட வேண்டும். ஆறு போல்ட்டையும் முதலில் விரலால் திருகி நிறுத்தி, பிறகு நட்சத்திரத் தலைச் சாவியால் எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் மரை கெடும். தளர விட்டால் உயிர் போகும். எவ்வளவு இறுக்குவது என்பது தட்டோடு வரும் தாளில் நியூட்டன் மீட்டரில் போட்டிருக்கும். அளந்து இறுக்கும் டார்க் ரென்ச் உள்ள மெக்கானிக்கிடம் விடுவதே எங்கள் யோசனை.

காலிப்பரைப் பூட்டிய பின், பேடு முழுவதும் தட்டின் உராயும் பட்டைக்குள் அமர்கிறதா என்று பார்க்கவும். மேலே துருத்தினாலும், உள்ளே தட்டின் கைகளில் பட்டாலும் அடாப்டர் தவறு. சக்கரத்தைச் சுழற்றி உரசல் இல்லாதபடி சரிசெய்யவும். எண்ணெய் அழுத்தப் பிரேக்காக இருந்தால், சக்கரம் கழற்றியிருக்கும்போது கைப்பிடியை அழுத்தக்கூடாது. பேடுகள் ஒட்டிக்கொண்டு தட்டு உள்ளே நுழையாது.

புதுத் தட்டையும் பேடையும் உடனே இறக்கத்தில் சோதிக்க வேண்டாம். சமதரையில், சுமையில்லாமல், சற்று வேகமாகப் போய் நடை வேகத்துக்குக் குறைப்பதை ஓர் இருபது முறை செய்ய வேண்டும். சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடக்கூடாது. பேடின் படிவம் தட்டில் சீராகப் படிந்த பிறகே முழுப் பிடி வரும். சில நாள் ஓடியபின் எல்லா போல்ட்டையும் மறுபடி பார்த்துவிடவும்.

தட்டு மட்டும் போதுமா?

போதாது. தேய்ந்த பேடு, துருப்பிடித்த கம்பி, எண்ணெய் பட்ட தட்டு இவற்றைப் பெரிய தட்டு குணப்படுத்தாது. எங்கள் சைக்கிளில் கம்பியும் கெட்டிருந்தது. அதை முன்பே பார்த்திருந்தால் அந்த மழை நாளே வந்திராது. புதிய தட்டு பெரும்பாலும் 1.8 மில்லிமீட்டர் கனம். தேய்ந்து 1.5 ஆனால் மாற்ற வேண்டும் என்பது ஷிமானோ சொல்லும் அளவு.

இறக்கத்தில் பிடித்தபடியே போகாமல், இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, ஆறவிட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். இறங்கி முடித்ததும் தட்டைக் கையால் தொடக்கூடாது, தோல் வெந்துவிடும். சுமையையும் 30 கிலோவிலிருந்து 15 கிலோவாகக் குறைத்துவிட்டோம். இரண்டு நடை ஆகிறது, ஆகட்டும்.

நம் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கிறோம். ஒரு கிராம் தவறினால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் என்பதற்காக அந்த ஏற்பாடு. நம்மை நம்பி இறக்கத்தில் போகிறவரின் பிரேக்குக்கு முத்திரை வைக்க எந்த அதிகாரியும் வரமாட்டார். அது முதலாளியின் வேலை. எங்கள் கடையில் இப்போது சனிக்கிழமைதோறும் கல்லாக் கணக்கு முடித்த கையோடு சைக்கிளையும் பார்த்துவிடுகிறோம். அந்தப் பணியாளரே கம்பியையும் பேடையும் பார்த்துச் சொல்ல, நாங்கள் நோட்டில் தேதி போட்டு எழுதுகிறோம்.

203 தட்டை விற்க மறுத்த கோயம்புத்தூர்க் கடைக்காரரிடம் அதன்பின் எங்கள் உறவினர் வீடுகளுக்கு மூன்று சைக்கிள் வாங்கிவிட்டோம். கேட்டதைக் கொடுப்பவன் வியாபாரி. தகாததைக் கேட்டால் கூடாது என்பவன் நல்ல வியாபாரி. இதையும் அந்தப் பயணத்தில் கற்றுக்கொண்டோம்.