நாரால் உரம்பெறும் கொங்கிறீற்று

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கடலுக்கு வெகு தொலைவிலுள்ள ஊர் என்று ஒன்றில்லை. காற்றோடு வரும் உப்பு இங்குள்ள பாலங்களையும் கட்டடங்களையும் ஓயாது தீண்டுகின்றது. காங்கேசந்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 முதல் 1990 வரை இயங்கிய காலத்தில் எழுந்த கட்டடங்கள் பல இன்று முதுமை எய்தியுள்ளன. அவற்றை இடிப்பதா, காப்பதா என்பது சிந்தித்தற்குரியது.

கொங்கிறீற்று நெருக்கலைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அக்குறையை நீக்கவே உருக்குக் கம்பிகளை உள்ளே இடுகின்றனர். சீமெந்தின் காரத்தன்மை கம்பியைக் காக்கும். உப்பிலுள்ள குளோரைட்டுக் கம்பியை அடையுமாயின் அக்காவல் அழியும். கம்பி கறள் பிடிக்கும். கறள், தான் தோன்றிய இரும்பினும் பன்மடங்கு இடங்கொள்வதாதலின், கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளக்கும்.

இவ்வாறு வலியிழந்த உறுப்புக்குப் புறத்தே வலுவூட்டும் முறைகளுள் ஒன்று நாரிட்ட பல்பகுதியம். காபன் அல்லது கண்ணாடி நார்களை எபொக்சிப் பிசினிற் பதித்து ஆக்கப்படுவது இது. காபன் நார்த்தகடு உருக்கின் ஐந்திலொரு பங்கு பாரமே உடையது; இழுவையைத் தாங்குவதிலோ சாதாரண கம்பியினும் பன்மடங்கு வலியது; உப்பினாற் கறள் பிடிப்பதுமில்லை.

சுவிற்சர்லாந்திலே, லூசேர்ன் நகரின் ஈபாக் பாலத்தில், துளையிடும்போது உள்ளிருந்த முறுக்குக் கம்பிகள் தற்செயலாக அறுந்தன. 1991 இல் அப்பாலத்தின் அடிப்புறத்தே காபன் தகடுகளை ஒட்டிச் செப்பனிட்டனர். உருக்குத் தகடாயின் 175 கிலோகிராம் வேண்டியிருக்கும். காபன் தகடோ 6.2 கிலோகிராமே போதுமாயிற்று.

வளையின் அடியில் ஒட்டிய தகடு இழுவையை ஏற்கும். தூணைச் சுற்றிய நார்த்துணியோ வேறு வகையிற் பயன்படும். வண்டிச் சில்லின் மரத்தை இரும்புப் பட்டம் இறுக்கிப் பிடிப்பதுபோல, அது பாரத்தினாற் புறத்தே பிதுங்கும் தூணை இறுக்கிக் காக்கும்.

ஆயினும் இதற்கும் எல்லையுண்டு. சாதாரண எபொக்சி 60 முதல் 80 பாகை செல்சியசு வெப்பத்திலேயே இளகத் தொடங்கும். ஆதலின் தீயினின்றும் கடுவெயிலினின்றும் காத்தல் வேண்டும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலும் வெப்பம் இப்பிணைப்பை எவ்வாறு தாக்கும் என்பது ஆராயப்பட்டுள்ளது.

அதனினும் பெரிய எச்சரிக்கை ஒன்றுண்டு. நார் வலுவைத் தருமேயன்றி, உள்ளே தொடங்கிவிட்ட கறளை மாற்றாது. உப்பேறிய கொங்கிறீற்றை அகற்றி, கம்பியைத் துப்புரவாக்கி, தேய்ந்த கம்பிக்கு ஈடுசெய்து, புதுச் சாந்திட்ட பின்னரே நாரை ஒட்டுதல் முறை. அவ்வாறன்றி மேலே போர்த்துவிடின், வெடிப்பு கண்ணுக்கு மறையும்; கறளோ உள்ளே வளரும். வெடிப்பைக் கண்டு விலகியிருக்கக்கூடியவரும் அக்கூரையின் கீழ் அச்சமின்றி உறங்குவர். புண்ணை ஆற்றாது கட்டுப் போடுதல் வைத்தியமாகாது.