வண்டிக்குக் காப்பு உண்டு, ஓட்டுகிறவனுக்கு?

பொழுது புலருமுன்பே பெருங்களத்தூர் விழித்துக்கொள்கிறது. ஒரகடத்திற்கும் மறைமலை நகருக்கும் ஷிப்டுக்குப் போகும் தோழர்கள் தெற்கே விரைகிறார்கள். கிண்டிக்குப் போகிறவர்கள் வடக்கே விரைகிறார்கள். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே, ஒரு முழ இடைவெளியில், உயிரைக் கையில் பிடித்தபடி வண்டி ஓட்டுகிறான் உழைப்பாளி. மாலையில் வீடு திரும்பினால்தான் அன்றைய கணக்கு முடியும்!

தாம்பரத்துத் தோழர் ஒருவர் தவணை முறையில் பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். இன்சூரன்ஸ் புதுப்பிக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. "எது மலிவோ அதையே எழுதச் சொல்லிவிட்டேன், அண்ணே! பாலிசி ஒன்று இருந்தால் போதாதா? அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனிக்காரன் கொடுத்துவிட மாட்டானா?" என்று கேட்டார்.

கொடுக்க மாட்டான், தோழர்களே! அந்த மலிவுப் பாலிசியில் கொடுக்கவே மாட்டான்!

சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் காப்பீடு. யார் அந்த மூன்றாம் நபர்? நம் வண்டி மோதி அடிபடுகிற பாதசாரி. எதிர் வண்டியில் வருகிறவர். அவருக்கு நட்டஈடு கிடைக்க வேண்டும் என்பது நியாயம்தான். அதை நாம் குறை கூறவில்லை. ஆனால், தானே தடுப்புச் சுவரில் மோதிக் கால் முறிந்த உரிமையாளருக்கு அதில் ஒரு காசும் இல்லை. பின்னிருக்கையில் இலவசமாக ஏறி வந்த நண்பருக்கும் அந்தக் கட்டாயப் பாலிசி பொறுப்பேற்காது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இரவல் வண்டியை ஓட்டிச் சென்றவர், உரிமையாளரின் இடத்திலேயே நிற்கிறார் என்றது 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அவசரத்துக்கு அண்ணன் வண்டியை எடுத்துப் போகும் தம்பிகள் இதை மனத்தில் இருத்த வேண்டும்!

விரிவான பாலிசி எடுத்தால்? காருக்குள் இருப்பவருக்கும், மோட்டார் சைக்கிளின் பின்னால் இருப்பவருக்கும் நட்டஈடு கோரும் வழி திறக்கிறது. 2012-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஆனால், அந்தப் பணம் தீர்ப்பாயத்தின் படியேறி, வாய்தா பல கண்டு வரும் பணம். ஆஸ்பத்திரியோ அன்றே முன்பணம் கேட்கும்!

இனி, உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டைப் பாருங்கள். ஒரு காலத்தில் இருசக்கர வண்டிக்கு 1 லட்சம், காருக்கு 2 லட்சம் என்றிருந்தது. ஓர் உயிரின் விலை இவ்வளவுதானா? இது போதாது, 15 லட்சமாவது வேண்டும் என்று 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2018 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதை ஏற்று, ஆண்டுக்கு 750 ரூபாய் கட்டணத்தில் 15 லட்சமாக உயர்த்தியது. 2019 முதல் இதைத் தனிப் பாலிசியாகவும் எடுக்கலாம்.

நல்ல ஏற்பாடு. ஆனால், இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. உயிர் போனால் முழுத் தொகை. இரு கண்ணோ இரு கை கால்களோ போனால் முழுத் தொகை. ஒன்று போனால் பாதி. எலும்பு முறிந்து, ஆபரேஷன் நடந்து, மூன்று மாதம் படுத்துக் கிடந்து குணமானால்? எதுவுமில்லை! செத்தால் பணம், பிழைத்தால் கடன்! லைசென்ஸ் இல்லாதவருக்கு அந்தப் பணமும் இல்லை.

அப்படியானால் பிழைப்பவனுக்கு வழி என்ன? கைவசம் இருப்பதை முதலில் எண்ணுவோம்.

ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால், வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்து, வேலையால் நேர்ந்த விபத்தாகவே கொள்ளப்படும்; 2010-இல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட உரிமை இது. வேலைக்கும் விபத்து நடந்த நேரத்துக்கும் இடத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில், ஏழு நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குப் பணமில்லாச் சிகிச்சை. இதற்கு வழிவகுத்தது எது தெரியுமா? கோவை எலும்பு மருத்துவர் ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கு! அதில்தான் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், உடனே திட்டம் வகுக்குமாறு உத்தரவிட்டது. இரண்டும் அங்கீகரிக்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில்தான் கிடைக்கும்.

எட்டாம் நாள் என்ன செய்வது? அங்கேதான் குடும்ப மருத்துவக் காப்பீடு வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குத் தகுதி உள்ளவர்கள் அதை இன்றே வாங்கி வையுங்கள். தகுதி இல்லாதவர், கையிலுள்ள காசுக்குத் தக்கபடி தனிப் பாலிசி எடுக்கலாம். அது காய்ச்சலுக்கும் உதவும், கால் முறிவுக்கும் உதவும். கார்ப் பாலிசியோடு ஒட்டி விற்கும் மருத்துவச் செலவுச் சேர்க்கை, காரில் நேரும் விபத்துக்கு மட்டுமே. குடும்பக் காப்பீடு இல்லாதவருக்கு அது ஓர் ஊன்றுகோல். இருப்பவருக்கு இரட்டைச் செலவாகலாம். மனைவி மக்களை ஏற்றிச் செல்பவர், பயணிகளுக்கான விபத்துக் காப்பையும் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் அது பாலிசியில் ஏறாது.

நம் தோழர் மறுநாளே ஏஜெண்டிடம் போனார். விரிவான பாலிசி, 15 லட்சக் காப்பு, பயணிகள் காப்பு மூன்றையும் எழுதச் சொன்னார். ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்ததால் மருத்துவச் சேர்க்கையை விட்டுவிட்டார். கட்டணம் கூடியது, "ஒரு மாதம் டிபனைக் குறைத்துக்கொள்கிறேன்" என்றார்.

படிப்பகத்திலும் சங்க அலுவலகத்திலும் கூடும் தோழர்களே! அடுத்த ஞாயிறு வரும்போது அவரவர் பாலிசியைக் கையோடு கொண்டுவாருங்கள். படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்கட்டும், மற்றவர் கேட்கட்டும். என்னென்ன உண்டு, என்னென்ன இல்லை என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று அந்தத் தாளை முதன்முறையாகப் பிரித்துப் பார்க்கும் நிலை, நம் வீட்டுப் பெண்களுக்கு வரவே கூடாது!