படமும் அதன் பின்னுள்ள கணக்கும்

விஞ்ஞானப் பத்திரிகை ஒன்றில் ஆராய்ச்சிக் கட்டுரையைப் படிக்க எடுப்பவரின் கண் முதலில் படத்தின்மீதுதான் விழுகிறது. ஒரு வளைகோடு ஏறி இறங்குகிறது. அதன் அடியில் நான்கு வரி விளக்கம். பல ஆண்டு உழைப்பு உள்ளங்கை அகலத்தில் அடங்கிவிடுகிறது. ஆனால் அந்தக் கோடு அங்கே எவ்வாறு வந்து சேர்ந்தது? கருவி தந்த எண்களுள் எவை கொள்ளப்பட்டன, எவை தள்ளப்பட்டன? இரைச்சலை எப்படி வடிகட்டினார்கள்? அச்சிட்ட படம் இவ்வினாக்களுக்கு விடை கூறுவதில்லை. ஆகவே, படத்தோடு அதை வரைந்த கணக்கையும் இயங்கும் நிலையிலேயே வாசகரிடம் கொடுத்துவிடும் வழக்கம் சில ஆண்டுகளாகப் பரவி வருகிறது. அதைப் பற்றியே இங்குக் கூற விரும்புகிறேன்.

இதற்குப் பயன்படும் சாதனம் கணினிக் குறிப்பேடு. பெயர் பெரிதாயினும் பொருள் எளியது. கணினித் திரையில் ஒரு பக்கம். அதில் ஒரு பத்தி உரைநடை, அடுத்து கணினிக்கு இடும் சில கட்டளைகள், அவற்றின் கீழேயே அக்கட்டளைகள் ஈன்ற எண்ணோ படமோ. பிறகு மீண்டும் உரைநடை. படிப்பவர் கட்டளையில் உள்ள ஓர் எண்ணை மாற்றி மறுபடி இயக்கினால் படம் புதிதாக வரையப்படும். கொலம்பியா நாட்டில் பிறந்த பெர்னாண்டோ பெரெஸ், அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, 2001-இல் ஐபைத்தான் என்ற கருவியைத் தொடங்கினார். அது 2011-இல் குறிப்பேடு வடிவம் பெற்றது. 2014-இல் ஜூபிட்டர் என்று புதுப்பெயர் சூடியது. வியாழனை நினைவூட்டும் அப்பெயர் ஜூலியா, பைத்தான், ஆர் என்னும் மூன்று கணினி மொழிகளின் பெயர்களையும் தன்னுள் கொண்டது. இதற்கு விலை ஏதுமில்லை.

இக்குறிப்பேட்டின் பயனை உணர ஈர்ப்பு அலைகளின் வரலாற்றைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2015 செப்டம்பர் 14-ஆம் நாள், அமெரிக்காவில் ஹான்போர்டு, லிவிங்ஸ்டன் என்னும் இரு இடங்களில் உள்ள லைகோ கருவிகள் ஓர் அதிர்வைப் பதிவு செய்தன. நூறு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இரண்டு கருந்துளைகள் ஒன்றோடொன்று மோதி இணைந்ததால் எழுந்த அலை அது. கருவியின் ஒவ்வொரு கையும் 4 கிலோமீட்டர் நீளம். அந்த நீளத்தில் நேர்ந்த மாற்றமோ ஒரு புரோட்டானின் குறுக்களவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இத்தகைய மூன்றாவது கருவியை மராட்டிய மாநிலத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமைக்க 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய் மதிப்பில் அனுமதி அளித்தது; அப்பக்கத்தில் வாழும் தமிழ் நேயர்கள் சிலர் இதை அறிந்திருப்பர்.

2016 பிப்ரவரி 11 அன்று கட்டுரை வெளியாயிற்று. அதன் முதல் படம் உலகெங்கும் நாளிதழ்களில் இடம்பெற்றது. இரு கருவிகளின் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நிற்பதைக் கண்டவர்கள் வியந்தார்கள். கருவி தந்த மூல எண்களை அப்படியே வரைந்தால் அந்தக் கோடு தெரியவே தெரியாது; இரைச்சல் மட்டுமே தெரியும். நொடிக்கு 35 முதல் 350 வரையுள்ள அதிர்வெண்களை மட்டும் நிறுத்தி மற்றவற்றை வடிகட்ட வேண்டும். ஹான்போர்டின் கோட்டை 6.9 மில்லிநொடி நகர்த்த வேண்டும், ஏனெனில் அலை முதலில் லிவிங்ஸ்டனைக் கடந்தது. இரு கருவிகளும் வெவ்வேறு திசையில் நிற்பதால் அதைத் தலைகீழாகவும் திருப்ப வேண்டும். படவிளக்கம் இவற்றைச் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் சொல்வது வேறு, செய்து காட்டுவது வேறு.

லைகோவினர் செய்தும் காட்டினார்கள். அந்நிகழ்ச்சியைச் சுற்றிய 32 நொடிப் பதிவை, கருவிக்கு நொடிக்கு 4,096 எண்கள் வீதம், எல்லாரும் எடுத்துக்கொள்ளுமாறு ஒரு குறிப்பேட்டுடன் வெளியிட்டார்கள். கோட்டைத் தலைகீழாக்குவது அதில் ஒரு கழித்தல் குறிதான். அதை அழித்துவிட்டு இயக்கினால் இரு கோடுகளும் பொருந்தாமல் பிரிந்துபோவதை யாரும் காணலாம். வானொலி நேயர்களுக்கு உகந்த ஒரு செய்தியும் உண்டு: அக்குறிப்பேடு அந்த அலையை ஒலியாகவும் மாற்றித் தருகிறது. செவிக்கு எட்டும்படி அதிர்வெண்ணை 400 உயர்த்தியபின் கேட்டால், ஒரு துளி சொட்டியதுபோல் சட்டென்று எழுந்து முடிகிறது.

திறந்து வைத்த கதவின் வழியே பாராட்டு மட்டும் வருவதில்லை. 2017-இல் டென்மார்க்கில் நீல்ஸ் போர் நிறுவனத்து அறிஞர் குழு ஒன்று, வெளியான எண்களை எடுத்துத் தாமே ஆராய்ந்தது. எதிர்பார்த்த அலையைக் கழித்தபின் எஞ்சும் இரைச்சலிலும் இரு கருவிகளுக்கிடையே ஒற்றுமை தென்படுகிறதே என்று அவர்கள் ஐயம் எழுப்பினார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்களுக்கு அப்பாலுள்ள இரு கருவிகளின் இரைச்சல் ஒத்திருக்கக் கூடாது. ஒத்திருப்பின் கண்டுபிடிப்பே ஐயத்துக்குரியதாகிவிடும். அவ்வாண்டே அக்கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசும் அறிவிக்கப்பட்டது என்பதை எண்ணினால் வினாவின் கனம் விளங்கும்.

2018-இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் உள்ள நால்வர் அதே சோதனையைச் செய்து, கட்டுரையுடன் தம் குறிப்பேட்டையும் சேர்த்து வெளியிட்டார்கள். முதல் படத்தில் கழிக்கப்பட்டிருந்த அலைவடிவம் விளக்கத்துக்காக எடுத்தது. மிக நன்றாகப் பொருந்தும் வடிவம் அன்று. நன்கு பொருந்தும் வடிவத்தைக் கழித்தபோது, குறிப்பிடத்தக்க ஒற்றுமை ஏதும் எஞ்சவில்லை. கண்டுபிடிப்பின் உறுதியை நாட்டிய கணக்கும் அப்படத்தைச் சார்ந்ததன்று. அது தனியே நடந்தது. டென்மார்க் குழுவினர் இத்துடன் முழுதும் உடன்பட்டுவிடவில்லை. ஆயினும் வாதம் எந்த வரியில், எந்தக் கழித்தலில் என்பது இரு தரப்பாருக்கும் தெரிந்தது. முதல் படம் ஒரு பாடப்படம் என்பதை லைகோவினர் கட்டுரையிலேயே அழுத்தமாகக் கூறியிருக்கலாம் என்பது என் கருத்து.

இனிக் குறைகளையும் சொல்ல வேண்டும். உயிரியல், மருத்துவக் கட்டுரைகளுடன் தொடர்புடைய 27,271 குறிப்பேடுகளைத் திரட்டி ஆராய்ந்த ஆய்வொன்று 2024-இல் வெளியாயிற்று. தேவையெனக் குறிக்கப்பட்ட துணைநிரல்கள் அனைத்தையும் நிறுவ முடிந்தவை 10,388. அவற்றுள் பிழையின்றி முடிவுவரை ஓடியவை 1,203. முன்பு கிடைத்த விடையையே மீண்டும் தந்தவை 879. நூற்றுக்கு மூன்று!

காரணம் பெரும்பாலும் வஞ்சனையன்று, கவனக்குறைவு. குறிப்பேட்டைச் சமையற்குறிப்பு என்று கொண்டால், அதில் உப்பு என்றிருக்கும், எந்த உப்பு என்றிராது. துணைநிரல்கள் ஆண்டுதோறும் மாறுகின்றன. எந்தப் பதிப்பு என்று எழுதாவிட்டால் அடுத்த ஆண்டே கட்டளை விளங்காது. தரவுக் கோப்பு ஆசிரியரின் சொந்தக் கணினியில் மட்டும் இருக்கும். இன்னொன்று குறிப்பேட்டுக்கே உரிய கோளாறு: கட்டளைகளை மேலிருந்து கீழாகவே இயக்க வேண்டுமென்ற கட்டாயம் அதில் இல்லை. ஆசிரியர் ஐந்தாவதை முன்னும் இரண்டாவதைப் பின்னும் இயக்கி நல்ல படம் பெற்றிருப்பார். வரிசையாக இயக்கும் வாசகருக்கு அது கிட்டாது.

பரிகாரம் கடினமன்று. துணைநிரல்களின் பதிப்பு எண்களை ஒரு பட்டியலாகச் சேர்ப்பது. தரவை நிலையான களஞ்சியத்தில் வைப்பது. வெளியிடுமுன் வேறொரு கணினியில் முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது. பட்டியல் இருந்தால், வாசகர் தம் கணினியில் ஒன்றும் நிறுவாமலே குறிப்பேட்டை இயக்கிப் பார்க்க பைண்டர் என்னும் இலவசச் சேவை உதவுகிறது. 2020-இல் ஈலைப் என்னும் உயிரியல் பத்திரிகை, படத்தின் அடியிலேயே அதன் கட்டளைகளைத் திறந்து மாற்றிப் பார்க்கக்கூடிய கட்டுரைகளை வெளியிடத் தொடங்கியது. எனினும் ஆராய்ச்சிக் கட்டுரையைச் சரிபார்க்கும் மதிப்பீட்டாளர்கள் ஊதியமின்றி உழைப்பவர்கள். அவர்கள் ஒவ்வொரு குறிப்பேட்டையும் இயக்கிப் பார்க்க வேண்டுமென்றால் அதற்குரிய நேரத்தை யார் தருவது என்ற கேள்விக்குப் பத்திரிகைகள் இன்னும் விடை காணவில்லை.