வெள்ளமும் வண்டி மாடும்

திருக்குறளின் 63 ஆவது அதிகாரம் ‘இடுக்கண் அழியாமை’. துன்பம் வரும்போது நகைக்கச் சொல்லும் அதன் முதற்குறளை அறியாத தமிழ் மாணவர் இல்லை எனலாம். பல ஆண்டுகளாக வகுப்பில் அதைப் படிப்பித்து வந்தவன் நான். ஆயினும் அதன் பொருளை நான் செம்மையாக விளங்கிக்கொண்டது 2022 இல், ஒரு கடைக்காரர் கேட்ட கேள்விக்குப் பின்னரே.

அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் ரூபாவின் பெறுமதி சரியத் தொடங்கியது. ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், சில வாரங்களில் 300 ரூபாவைத் தாண்டிற்று. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற காலம் அது. எங்கள் சந்தியிற் சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கும் நண்பர் ஓரிரவு என் வீட்டுக்கு வந்தார். கையிலே கடன் கொப்பி. கடனுக்குக் கொடுத்த சாமானுக்குப் பழைய விலையிற் காசு வருகிறது. அதே சாமானைப் புதிய விலைக்கு வாங்க முதல் இல்லை. மனைவியின் நகைகள் அடைவில். மொத்த வியாபாரிக்குக் கொடுத்த காசோலையின் திகதி நெருங்குகிறது. மூன்று வாரமாக நித்திரை இல்லை. ஆறுதலுக்காக அந்தக் குறளின் கருத்தைச் சொன்னேன்.

“மாஸ்டர், சிரிச்சால் கடன் கழியுமே?” என்றார்.

என்னிடம் மறுமொழி இல்லை. அவர் போனபின் பரிமேலழகர் உரையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த அதிகாரம் அரசியலின் 25 அதிகாரங்களுள் இறுதியாக, ஆள்வினையுடைமையை அடுத்து நிற்கிறது. முயற்சியே செய்யாதவனுக்குச் சொன்ன ஆறுதல் அன்று இது. முயன்று இடையில் முட்டுப்பட்டவனுக்குச் சொன்னது. நகைத்தல் என்பதற்கும் உரையாசிரியர் மனம் அழியாது உள்ளே மகிழ்தல் என்றே பொருள் கொள்கிறார். அதனினும் என்னை நிறுத்தியது அதிகாரத்தின் முன்னுரை. முயல்பவனுக்கு இடுக்கண் வரும் வழிகள் மூன்று என்கிறார்: தெய்வத்தால் வருவது, பொருளின்மையால் வருவது, உடல் வருத்தத்தால் வருவது.

நண்பரை வருத்தியது கடன் மட்டுமன்று. மூன்றும் ஒன்றாகக் கலந்து பெருகி வந்தமையே. வெள்ளம் போன்ற துன்பமும் அறிவுடையவன் உள்ளத்தில் நினைக்கக் கெடும் என்பது இரண்டாம் குறளின் கருத்து. நினைத்தலை நாம் எண்ணுதல் என்றும் சொல்கிறோம். எண்ணுதல் என்றால் கணக்கிடுதலும்தானே! வெள்ளத்தை எண்ண முடியாது. பிரித்து வைத்தால் எண்ணலாம்.

மறுநாள் கடைக்குப் போய், ஒரு கொப்பியில் மூன்று பத்தி கீறினோம். ரூபா சரிந்தது அவர் கையில் இல்லாதது. முன்பே சாமான் வாங்கி வைக்கவில்லையே என்று அவர் தம்மையே நொந்துகொண்டதை அந்தப் பத்தியில் எழுதி மூடிவிட்டோம். உடல் வருத்தத்துக்கு மருந்து, நேரத்துக்குச் சாப்பாடும் இரவு பத்து மணிக்குப் பின் கணக்குப் பார்க்காமையும். மிஞ்சியது பொருள். அதிலும் அந்த வாரத்துக்கு உரியது காசோலை ஒன்றே. திகதிக்கு முன்னரே அவர் தாமாகப் போய் மொத்த வியாபாரியைக் கண்டு, தவணை கேட்டார். அரைமனதோடு என்றாலும் அவர் இணங்கினார். புதுக் கடன் கொடுப்பதும் அன்றே நின்றது.

நான்காம் குறளில் வரும் வண்டி மாட்டை அப்போது நினைத்துக்கொண்டேன். தடைப்படும் இடந்தோறும் அது இழுத்துக் கடக்கும். பாதை முழுவதையும் ஒருங்கே இழுப்பதில்லை. சில்லுப் புதைந்த அந்த ஓரிடத்தில் மட்டுமே தன் பலத்தைக் காட்டும்.

கடை முழுதாகத் தப்பவில்லை, பாதியாகச் சுருங்கிற்று. நகைகளை மீட்க இரண்டு ஆண்டுகள் சென்றன. ஆனாலும் மனிதர் அழியவில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். கலங்கிய உள்ளத்தால் தனியே எண்ண முடியாது. கொப்பியோடு அவர் என் வாசலுக்கு வந்தாரே, அதுதான் அவருடைய முதல் அறிவு.

இப்போது வகுப்பில் வண்டி மாட்டுக் குறளை முதலிற் படிப்பித்துவிட்டே, நகைக்கச் சொல்லும் குறளுக்கு வருகிறேன்.